யார் உபயம்?

வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு மேற்கே திரும்பும் மாநில நெடுஞ்சாலை மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் என்று போய் வாலாஜாபாத்தில் முடிகிறது. தமிழ்நாட்டுப் பொருளாதாரம் கடந்த கால் நூற்றாண்டில் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் புள்ளிவிவரப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இந்தச் சாலையில் பஸ் ஏறலாம். படப்பை வரை சென்னைப் புறநகர்தான். ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள். அங்கிருந்து வடக்கே பிரியும் சாலை வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று செல்பேசித் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. சாலையோர உணவுக்கடைகளின் பலகையில் தமிழுக்குக் கீழே இந்தி. ஒரகடத்தைத் தாண்டினால் மறுபடியும் ஏரிக்கரையும் நெல்வயலும், அதன் பிறகு பாலாற்றங்கரையில் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். கம்பெனிப் படையின் முகாம் இருந்த ஊர். காஞ்சிபுரத்தைச் சுற்றிப் பட்டுத்தறி ஓடும் ஊர்களில் ஒன்று. கோயிலுக்கும் புடவைக்கும் காஞ்சிபுரம் போகிறவர்கள் இங்கே இறங்குவதில்லை. ஆனால் வெளியூர்க்காரரை ஓர் ஊர் எப்படி ஏற்கிறது, அதில் திருவிழாவுக்கு என்ன வேலை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால் காஞ்சிபுரத்தைவிட இந்தச் சாலையில்தான் விஷயம் அதிகம்.

அந்தக் கேள்விக்கு ஒரு வாடிக்கையான பதில் உண்டு. ஒவ்வொரு சீனப் புத்தாண்டின்போதும் உலகின் பெரிய நகரங்களில் ஒரே மாதிரியான பேச்சு எழும். சிங்க நடனமும் சிவப்பு விளக்கும் புலம்பெயர்ந்தவரின் அடையாளத்தைக் காக்கின்றன. பார்க்க வரும் உள்ளூர்க்காரர் அவர்களைத் தம்மவராக ஏற்கத் தொடங்குகிறார். ஆகவே திருவிழா ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நகராட்சிகளும் சுற்றுலாத் துறைகளும் இதை விரும்பிச் சொல்கின்றன. செலவு குறைவு, கோபித்துக்கொள்ளவும் ஆள் கிடையாது. இதில் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாவது பாதியைத்தான் நம்ப முடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டமெல்லாம் ஏற்றுக்கொண்ட கூட்டம் ஆகிவிடாது. திருவிழாவில் யாருக்கு என்ன பங்கு, அந்தப் பங்கை நாளை யாரும் பிடுங்கிவிடாமல் காப்பது எது என்ற இரண்டையும் பார்த்தால்தான் ஏற்பு எவ்வளவு ஆழம் என்று தெரியும். இந்த அளவுகோலைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அது வாலாஜாபாத் வழியாகவே போகிறது.

பொங்கலுக்கு மறுநாள் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் புறப்படுகிறார். முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று ஊர் ஊராக நின்று, பழைய சீவரம் மலைக்கோயிலை அடைந்து, பிறகு பாலாற்றைக் கடந்து செய்யாறும் வேகவதியும் வந்து கூடும் திருமுக்கூடலுக்கு எழுந்தருள்கிறார். சுற்றுப்புறக் கோயில்களின் பெருமாள்களும் அங்கே வந்து சேர்கிறார்கள். செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் தடத்தில் வாலாஜாபாத்தும் பழைய சீவரமும் அடுத்தடுத்த நிலையங்கள்; ரயில் சில நிமிடங்களில் கடந்துவிடும். பெருமாளுக்கு மட்டும் ஏன் இத்தனை நேரம் ஆகிறது என்றால் வழியெங்கும் மண்டகப்படி. ஒரு தெருவோ ஒரு வகுப்பாரோ ஒரு குடும்பமோ சாமியைத் தங்கள் எல்லையில் நிறுத்தி, பந்தல் போட்டு, நைவேத்தியம் செய்து, மரியாதை பெற்று அனுப்பிவைக்கிறார்கள். சாமியை நிறுத்தும் உரிமை உள்ளவர் அந்த ஊரின் ஆள். கோயில் குழல்விளக்கின் வெளிச்சத்தைப் பாதி மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று பெயரெழுதிப் போடுவதை நாம் கேலி செய்கிறோம். கேலி நியாயமானதுதான். இருந்தாலும் அந்த எழுத்து விளம்பரம் மட்டுமல்ல. இந்த ஊரின் பொதுச் செலவில் எனக்கும் ஒரு வரி உண்டு, அதை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் என்பதற்கான ரசீது அது. வாங்கிக்கொண்ட பிறகு 'நீ யார்?' என்று கேட்பது கடினம்.

காஞ்சிபுரத்து நெசவாளர்களே இதற்கு முதல் சாட்சி. செங்குந்தக் கைக்கோளர் தமிழ் மண்ணின் பழைய நெசவாளர்கள். தெலுங்கு பேசும் பத்மசாலியரும், தெலுங்கும் கன்னடமும் பேசும் தேவாங்கரும் விஜயநகர ஆட்சியின் போக்கில் தெற்கே பரவியவர்கள். தேவாங்கருக்குச் சவுடேஸ்வரி அம்மன். பத்மசாலியர் மார்க்கண்டேயர் வழிவந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வார்கள். வீட்டுப் பேச்சு வேறு, குலதெய்வம் வேறு. ஆனாலும் இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் அவர்களை வந்தேறிகள் என்று சொன்னால் சொன்னவரைத்தான் எல்லோரும் விநோதமாகப் பார்ப்பார்கள். இந்த நிலை விழாவால் வந்ததா, தறியால் வந்ததா? தறிதான் முதலில் வந்தது என்பேன். இடைக்கால நெசவாளர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் விஜயா ராமசாமி எழுதிய ஆய்வு ஒரு செய்தியை விரிவாகச் சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைக்கோளர் சங்கு ஊதவும் தண்டு எனப்படும் பல்லக்கு ஏறவும் உரிமை பெற்றார்கள். வேறு பகுதி நெசவாளர்கள் அதே உரிமையைக் கேட்டபோது காஞ்சிபுரத்தையே முன்மாதிரியாகக் காட்டினார்கள். வரி தாங்க முடியாமல் நெசவாளர் ஊரைக் காலிசெய்துகொண்டு போய்விடுவது அன்றைய அரசுகள் கண்டு அஞ்சிய விஷயம். பல்லக்கும் சங்கும் அந்தப் பேரத்தில் கிடைத்தவை. மண்ணின் மக்களுக்கே விழா மரியாதை இப்படிப் பேரம் பேசித்தான் வந்தது என்றால் வந்து சேர்ந்தவர்களுக்குச் சும்மா கிடைத்திருக்காது. காஞ்சிபுரத்தைப் பற்றி இப்படி எழுதும்போது பட்டுப்புடவையின் கோர்வை நெசவை உவமையாக்கும் ஆசை யாருக்கும் வரும்: உடலும் கரையும் வேறு வேறு நிறம், இரண்டும் பிரிக்க முடியாமல் ஒன்றாகின்றன என்று. தவிர்ப்பது நல்லது. கோர்வையில் இரண்டு இழைகளும் ஒரே முதலாளியின் கணக்குப்படி ஒரே தறியில் ஏறுகின்றன; மனிதர்கள் அப்படி வந்து சேர்வதில்லை.

இந்த அளவுகோலோடு கொல்கத்தாவுக்குப் போனால், அங்குள்ள சீனர்களின் கதை வழக்கமாகச் சொல்லப்படுவதைவிடச் சிக்கலாகத் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டோங் அச்சியூ என்ற வணிகர் வாரன் ஹேஸ்டிங்ஸிடமிருந்து பஜ் பஜ்ஜுக்கு அருகே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரில் அச்சிபூர் என்ற ஊர் இன்றும் உண்டு. சீனப் புத்தாண்டு வந்தால் கொல்கத்தாச் சீனர்கள் அவர் சமாதிக்கும் அங்குள்ள கோயிலுக்கும் போய் வருவார்கள். பின்னால் வந்தவர்கள் தொழில்வாரியாகப் பிரிந்தார்கள்: ஹக்காக்காரர்கள் தோல் பதனிடுவதில், கான்டன்காரர்கள் தச்சு வேலையில், ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியத்தில். சென்னையிலும் சில சீனக் குடும்பங்கள் பல் வைத்தியமும் அழகு நிலையமுமாக வேரூன்றின. கொல்கத்தாவின் டிரெட்டி பஜாரிலும் டாங்ராவிலும் சீனர்கள் கட்டிய கோயில்களை ஊரார் 'சர்ச்' என்றே சொல்வது வேறொரு வேடிக்கை. டாங்ராவில் ஒரு காளி கோயில் இருக்கிறது. சீனர்கள் பராமரிப்பது, நூடுல்ஸ் நைவேத்தியமாகப் படைக்கப்படுவதால் பத்திரிகைக்காரர்களின் செல்லக் கோயில். உபயக் கணக்கில் இது முழு மதிப்பெண் வாங்க வேண்டிய ஏற்பாடு. வந்தவர்கள் தங்கள் விழாவை விடவில்லை. உள்ளூர்த் தெய்வத்துக்கும் தங்கள் கையால் படைத்தார்கள். ஊராரும் அதை வாங்கி உண்டார்கள்.

ஆனால் 1962இல் நடந்தது வேறு. எல்லைப் போர் மூண்டதும் சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு ரயிலில் கொண்டுசெல்லப்பட்டார்கள். இவர்களில் பலர் இந்தியாவில் பிறந்தவர்கள். சீனாவைக் கண்ணால் கண்டிராதவர்கள். சிலர் 1967 வரை அங்கேயே கிடந்தார்கள். 1963இல் சீன அரசு அனுப்பிய கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து முகாமிலிருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போயின. தமிழ்நாட்டில் இது அதிகம் பேசப்படாத செய்தி. வெளியே விட்டுவைக்கப்பட்டவர்களும் காவல் நிலையத்தில் ஆஜராகி, அனுமதியின்றி ஊரைவிட்டு நகர முடியாமல் வாழ்ந்தார்கள். ஒரு காலத்தில் கொல்கத்தாவில் இருபதாயிரம் பேர் என்று சொல்லப்பட்ட சமூகம் இன்று இரண்டாயிரம் அளவில் சுருங்கிவிட்டது. பெரும்பகுதி கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் டாங்ராத் தோல் பதனிடும் ஆலைகளை இடம்மாற்ற ஆணையிட்டதும் அதில் சேர்ந்துகொண்டது.

போர் விதிவிலக்கான காலம், அதை வைத்து விழாவை எடைபோடுவது சரியா என்று கேட்கலாம். இன்னும் நுட்பமாக ஒருவர், முகாமுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் அசாம், டார்ஜிலிங் பகுதிக்காரர்கள், விழாவும் கோயிலுமாக வாழ்ந்த கொல்கத்தாச் சீனர்கள் ஓரளவு தப்பினார்களே என்றும் சொல்லலாம். தப்பியதற்குக் காரணம் எல்லையிலிருந்து அவர்கள் இருந்த தூரம். சிங்க நடனம் அல்ல. விதிவிலக்கான காலம் என்ற வாதத்தையும் தலைகீழாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல நாளில் எல்லோரையும் எல்லோரும் ஏற்கிறார்கள். கெட்ட நாளில் எது தாங்குகிறது என்பதே சோதனை. விழாவுக்கு வந்து போன அண்டை வீட்டார் கெட்டவர்கள் அல்லர். கைது செய்ய வந்த காவலரிடம் காட்டுவதற்கு அவர்கள் கையில் எதுவும் இல்லை. விழாவில் பங்கு இருந்தது, சட்டத்தில் பங்கு இல்லை. அரசோடு பேரம் பேச நெசவாளர்கள் கையில் வரி என்ற பிடி இருந்தது. சீனர்களுக்கு அதுபோல ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் இதே பாடம் வேறு வேடத்தில் வந்தது. 1882இல் சீனர் விலக்குச் சட்டம். 1943இல்தான் அது நீக்கப்பட்டது. பிறகு கொரியப் போர்; சீனா எதிரி நாடானது. அந்தச் சூழலில் 1953இல் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுன் பிரமுகர்கள் சீனப் புத்தாண்டைப் பெரிய பொது ஊர்வலமாக ஆக்கினார்கள். அமெரிக்கப் படையில் பணியாற்றிய சீனர்கள் அதில் முன்னே நடந்தார்கள். நாங்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல, உங்கள் பக்கத்து ஆட்கள் என்பதுதான் ஊர்வலம் சொன்ன செய்தி. கூட்டம் வந்தது, வணிகம் பெருகியது, சில ஆண்டுகளில் அழகிப் போட்டியும் சேர்ந்தது. ஊர்வலம் தொடங்கி மூன்றே ஆண்டில், 1956இல், சீனக் குடும்பச் சங்கங்களின் பதிவேடுகளைக் கேட்டு அரசு ஆணை அனுப்பியது. பொய்ப் பெயரில் வந்தவர்களைத் தாங்களாகவே முன்வந்து ஒப்புக்கொள்ளச் சொல்லும் திட்டமும் வந்தது. தெருவில் கைதட்டிய அதே நாடு அலுவலகத்தில் பெயர்ப்பட்டியல் கேட்டது. அந்த ஊர்வலம் வீண் என்று சொல்லவில்லை. அதனால் அந்தச் சமூகத்துக்குத் தன்னைப் பற்றிய தெம்பு வந்தது. பிள்ளைகளுக்குப் பெருமிதம் வந்தது. பாதுகாப்பு பின்னால் குடியேற்றச் சட்டத் திருத்தங்களாலும் வாக்குரிமையாலும் வந்தது.

அப்படியானால் விழாவே வேண்டாமா? நீலகிரி அதற்குப் பதில் சொல்கிறது. 1860களில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டு, நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்ட வேலைக்கு நிறுத்தப்பட்டார்கள். தண்டனை முடிந்தவர்கள் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் குடியேறி, தலித் சமூகத்தைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டார்கள். இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் அவர்களைப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். அதில் வரும் ஒரு சீனத் தகப்பனாருக்கு இருந்த ஒரே மனக்குறை, கிறித்தவரானபோது பின்னலை அறுக்க வேண்டிவந்ததுதான். (வேலூரில் 1806இல் சிப்பாய்கள் எழுந்ததும் தலைப்பாகைக்காகவும் நெற்றிக் குறிக்காகவும்தான், அந்த முணுமுணுப்பு வாலாஜாபாத் முகாம்வரை கேட்டது. தலையில் கைவைப்பதில் எப்போதும் ஏதோ இருக்கிறது.) அந்த நீலகிரிச் சீனர்களுக்குக் கோயில் இல்லை, சங்கம் இல்லை, புத்தாண்டு கூடிக் கொண்டாட இடம் இல்லை. ஊர் அவர்களை எதிர்க்கவில்லை. சில தலைமுறைகளில் அவர்கள் ஊருக்குள் கரைந்துபோனார்கள். இதையும் ஏற்பு என்று சொல்லலாம். ஆனால் ஏற்கப்பட்டவரே இல்லாமல் போன ஏற்பு. அங்கேயும் ஏற்றவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். சாதியில் கடைசியில் தள்ளப்பட்டவர்கள்தான் கதவைத் திறந்தார்கள். சாமியை நிறுத்தும் உரிமை பெற்ற தெருக்களில் சீனருக்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கரையாமலும் அந்நியமாகாமலும் நிற்க முடியும் என்பதற்குத் தமிழரே சான்று. ஆனால் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்தவர்கள் நாம்; நம்மைவிட எண்ணிக்கையில் மிகுந்த சீனர்கள் ஊர்க்காரர்களின் இடத்தில் இருக்கிறார்கள். பினாங்கில் தைப்பூசத்துக்கு முந்திய நாள் நகரத்தாரின் வெள்ளி ரதம் புறப்படும்போது வழியெங்கும் தேங்காயைக் குவித்துவைத்துச் சிதறு உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். நேர்த்திக்கடனாகக் காவடி எடுக்கும் சீனர்களும் உண்டு. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இன் கோயிலும் சில அடி தூரத்தில் நிற்கின்றன. அங்கே கும்பிட்டுவிட்டு இங்கே வந்து ஊதுபத்தி கொளுத்திக் கையெடுக்கும் சீனர்கள் அன்றாடக் காட்சி. இதை மத நல்லிணக்கம் என்று வாழ்த்துப்பா பாடுவதைவிட, வேண்டுதல் என்ற எளிய காரணத்தைப் பார்ப்பது பயன் தரும். தேங்காய் உடைக்கும் சீன வணிகருக்கு முருகனிடம் காரியம் இருக்கிறது. அவர் பார்வையாளர் அல்லர், உபயதாரர். அதே சிங்கப்பூரில் 1968இல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 1973 முதல் ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை. 2016இல்தான் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. சீனப் புத்தாண்டுக்குச் சிங்க நடன முரசு ஒலிக்கிறதே என்று தமிழர்கள் கேட்டார்கள். 1964 கலவரங்களுக்குப் பின் மத ஊர்வலங்களையே கட்டுப்படுத்தினோம், இந்துக்களுக்குத்தான் மூன்று ஊர்வலங்களுக்கு விலக்கு தந்திருக்கிறோம் என்று அரசு பதில் சொன்னது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. கவனிக்க வேண்டியது, இந்த வாதம் சட்டத்தின் மொழியில் நடந்தது என்பதுதான். குடியுரிமையும் ஆட்சிமொழித் தகுதியும் கையில் உள்ளவர்களால் அப்படிக் கேட்க முடிகிறது. பினாங்கில் தைப்பூசம் பொது விடுமுறை. மலேசிய அரசியலில் தமிழரின் வாக்குக்கு எடை உண்டு.

பங்கு இருந்தும் ஆட்கள் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்பதற்குச் சீனாவின் சூவான்ஜோ நகரம் இருக்கிறது. 1281இல் அங்கே ஒரு சிவன் கோயிலை எழுப்பிய தமிழர், சீனப் பேரரசரின் நலத்துக்காக என்று தமிழில் கல்வெட்டு வைத்தார். வந்த ஊரின் அரசருக்கு நலம் வேண்டுவது நல்ல உபயம்தான். வணிகம் மாறியது, ஆட்சி மாறியது, தமிழர்கள் போய்விட்டார்கள். கோயிலின் தூண்களும் சிற்பங்களும் கையுவான் பௌத்தக் கோயிலிலும் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அருகே செதியான் என்ற ஊரில் ஒரு சிறு கோயிலில் அந்தக் காலத்துப் பெண்தெய்வச் சிலையைச் சீனர்கள் குவான் இன் என்று வணங்கிவருகிறார்கள். நாகப்பட்டினத்தில் நடந்தது இதன் மறுபக்கம். காஞ்சியிலிருந்து ஆண்ட இரண்டாம் நரசிம்மவர்மன் 720இல் சீன அரசவைக்குத் தூது அனுப்பி, சீனப் பேரரசரின் பெயரில் பௌத்தக் கோயிலும் எழுப்பியதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. பின்னாளில் 'சீனக் கோயில்' என்று ஐரோப்பியர் குறிப்பிட்ட செங்கல் கோபுரம் நாகப்பட்டினக் கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டுவரை நின்றது, 1867இல் இடிக்கப்பட்டது. அதற்குக் கீழே வந்து கூடிய சீனர்கள் என்ன விழா எடுத்தார்கள் என்று கேட்க ஆளில்லை. சூவான்ஜோவில் சிலை பிழைத்தது, பக்கத்து ஊர்க்காரருக்கு அதனிடம் வேண்டுதல் இருந்ததால்.

இதுவரை மண்டகப்படியை நல்ல அளவுகோலாகக் காட்டியாயிற்று. அதன் மீதான பெரிய மறுப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது, ஒதுக்க முடியாதது. பங்கு கொடுக்கும் முறைதான் பங்கு மறுக்கும் முறையும். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கத் தலித்துகளுக்கு உரிமை மறுக்கப்பட்டதில் வழக்கும் காவலுமாகிப் பல ஆண்டுகள் தேரே ஓடவில்லை. பார்வேட்டைக்குப் புறப்படும் வரதராஜரின் கோயிலிலேயே, முன்னே நின்று பிரபந்தம் ஓதுவது வடகலையா தென்கலையா என்ற சண்டை நீதிமன்றப் படியேறி நூறாண்டுக்கும் மேலாகிறது. சொந்த ஊரில் பல தலைமுறை வாழ்ந்தவரையே வெளியே நிறுத்தத் தெரிந்த ஏற்பாட்டிடம் வெளிமாநிலத்தவரை ஒப்படைக்கலாமா? ஒப்படைக்கச் சொல்லவில்லை. கண்டதேவியில் வழி திறந்தது நீதிமன்றம் தலையிட்டதால். ஊரின் பெருந்தன்மையால் அல்ல. விழா ஒரு சமூகத்தின் உள் கணக்கைத் திறந்து காட்டும் ஏடு. ஏட்டில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று படிக்கலாம். சேர்க்க வேறு கை வேண்டும். நல்லிணக்கத்துக்காக ஒரு விழா எடுத்துவிட்டுத் திருப்திப்படும் அரசுகள் இந்த வேறுபாட்டை வசதியாக மறந்துவிடுகின்றன.

இந்தக் கணக்கோடு வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்குத் திரும்பினால், அங்கே விழாவே இல்லை என்பதுதான் முதலில் கண்ணில் படும். பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் என்று வந்தவர்கள் இந்தச் சாலையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தீபாவளி கழிந்த ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்கு மறையும் சூரியனையும் உதிக்கும் சூரியனையும் நோக்கி நீரில் நின்று அர்க்கியம் விடுவது பிகார்க்காரரின் பெரிய நோன்பு. சென்னைக் கடற்கரையில் அது நடக்கிறது. ஒரகடத்தில் இருப்பவர்களில் முடிந்தவர்கள் அந்த நாளுக்கு ரயிலேறி ஊருக்குப் போகிறார்கள்; மற்றவர்களுக்கு ஷிஃப்ட் உண்டு. காரணம் பக்தி குறைவு அல்ல. சட் பூஜையில் நோன்பிருப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். நைவேத்தியத்துக்குத் தனி அடுப்பு வேண்டும். கூடைக்கு உறவு வேண்டும். ஆறு பேர் ஓர் அறையில் தங்கும் இடத்தில் அடுப்பே பொது, வீடு என்ற ஒன்றே கிடையாது. நடுவட்டத்துக் கைதிகளுக்கும் இப்படித்தான் இருந்தது. கொல்கத்தாச் சீனர்கள் நாளடைவில் குடும்பமாக வாழ்ந்தார்கள், அதனால் கோயிலும் புத்தாண்டும் நிலைத்தன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை 2024இல் அரசு திறந்தது. நல்ல விடுதி, தேவையானதும்கூட. ஆனால் படுக்கைக் கணக்கில் கட்டிய இடத்தில் யாரும் குடும்பமாக வாழ முடியாது. வந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் விருந்தாளியாகவே இருப்பார்.

ஏற்பின் ஆழமும் இங்கே அவ்வப்போது தட்டிப் பார்க்கப்படுகிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. பொய் என்று நிரூபணமானது. அதற்குள் பலர் பயந்து ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். பொய்யை ஒரே நாளில் நம்பும் அளவுக்கு அவர்களுக்கு இங்கே தெரிந்தவர்கள் குறைவு என்பதைத்தான் அந்த ஓட்டம் காட்டியது. 2025இல் வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது, இங்கு வேலை செய்யும் பிகார்க்காரர்களை இங்கே சேர்ப்பதா என்ற விவாதம் எழுந்தது. வேலைக்கு வந்தவர்களை வைத்து இந்த மாநிலத்தின் அரசியல் முடிவை மாற்றிவிடுவார்கள் என்ற கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழர் அந்தக் கவலையைச் சொல்வதில் தவறும் இல்லை. ஆனால் பினாங்கில் தமிழரின் தைப்பூசத்தைக் காத்ததில் அவர்களின் வாக்குக்கும் பங்கு இருந்தது என்பதை மறந்துவிட்டு அதைச் சொல்ல முடியாது. இதே தொழிற்சாலைப் பட்டையில் இயந்திரம் நிறுவ வந்த சீனப் பொறியாளர்களை 2025இல் நிறுவனங்கள் திருப்பியழைத்ததாகச் செய்திகள் வந்தபோது இங்கே எந்தத் தெருவும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களின் புத்தாண்டு ஓட்டல் அறைக்குள் வந்து போயிருக்கும். 1962இல் நடந்ததற்கும் இதற்கும் இடையில் மலை அளவு வேறுபாடு உண்டு. யாரையும் யாரும் முகாமில் அடைக்கவில்லை. ஆனால் இந்தியச் சீனர் என்று ஒரு புதிய சமூகம் இங்கே உருவாக வழியில்லை என்பதும் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

படப்பையிலும் ஒரகடத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் மனைவி மக்களோடு வாடகை வீடு பிடிக்கும் வடமாநிலக் குடும்பங்கள் மெல்லக் கூடுகின்றன. பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். குடும்ப அட்டையை எந்த மாநிலத்திலும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டால் இங்கேயே அரிசி வாங்க முடிகிறது. விடுதிக்காரரைவிட இந்தக் குடும்பங்களுக்குத்தான் விழா வரும். சண்டையும் இவர்களுக்குத்தான் வரும். ஏரிக்கரையில் சட் பூஜைக்குப் படித்துறை கேட்பார்கள். ஊராட்சி மன்றத்தில் ஒருவர், இது எங்கள் ஏரி என்பார். இன்னொருவர், நம் ஊரில் வாடகை கொடுப்பவர்கள்தானே, ஒரு நாள் விடுங்கள் என்பார். அந்தக் கூட்டத் தீர்மானத்தில் அவர்கள் பெயரை 'வடமாநிலத் தொழிலாளர்கள்' என்று எழுதுகிறார்களா, 'நம் ஊர்க் குடியிருப்போர்' என்று எழுதுகிறார்களா என்பதைப் பொறுத்து அடுத்த ஆண்டு மாரியம்மன் கூழ் ஊற்றும் செலவுக்கு வரி கேட்டு அந்த வீடுகளின் கதவையும் தட்டுவார்கள், அல்லது தாண்டிப் போவார்கள்.